சிடியில் இருப்பது அப்படியே வேண்டும்

என் தங்கையின் கல்யாணம் 2003 ஆவணியில் நடந்தது. ஜானவாசத்துக்கும் மறுநாள் முகூர்த்தத்துக்கும் வாசித்த நாதஸ்வரத்தை மைக் செட்காரர் தன் மிக்ஸரிலிருந்து பதிவு செய்து, ஒரு சிடியில் எழுதித் தந்தார். அப்பா அதன் மேல் பால்பாயின்ட் பேனாவால் 'கல்யாணம்' என்று அழுத்தி எழுதி அலமாரியில் வைத்தார். போன வருடம் அந்தத் தட்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். 'ல்' மேல் வைத்த புள்ளியிலும் 'ம்' மேல் வைத்த புள்ளியிலும் ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

நாம் எல்லோரும் சிடியின் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுகிறோம். அந்தப் பக்கத்தில் இருப்பது 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அங்கே விழும் கீறல் பெரும்பாலும் பிளாஸ்டிக்கோடு நின்றுவிடும். லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலம் இருப்பது மேல்பக்கத்தில், லேபிளுக்கு அடியில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே. பேனா அழுத்தினாலும், ஒட்டிய ஸ்டிக்கரை உரித்தாலும், ஈரம் இறங்கினாலும் முதல் அடி அந்தப் படலத்துக்குத்தான். வீட்டிலும் கடையிலும் எழுதிய சிடிகளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கம்பெனி சிடியில் பாட்டு பிளாஸ்டிக்கிலேயே குழிகளாக அச்சாகியிருக்கும். எழுதிய சிடியில் அது லேசர் சுட்ட சாயத்தின் தடம். வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைக் கெடுத்துவிடும். அதனால் சிடிகளைக் கணினிக்கு மாற்ற உட்காருகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது கடையில் வாங்கிய தட்டுகளை அல்ல. கல்யாணம், அரங்கேற்றம், சபாக் கச்சேரி, பாட்டி பாடியது என்று உலகில் ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கும் தட்டுகளை.

இந்த வேலைக்கு எல்லோரும் சொல்லும் பேர் 'ரிப் பண்ணுவது'. புதிதாகச் செய்கிறவர்கள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று உண்டு. சிடியைப் போட்டு விண்டோஸில் திறந்தால், பாட்டுக்கு ஒன்றாக 'டிராக்01', 'டிராக்02' என்று ஃபைல்கள் வரிசையாகத் தெரியும். அவற்றை இழுத்து ஹார்ட் டிஸ்கில் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அளவைப் பார்த்தால் ஒவ்வொன்றும் 44 பைட். அதில் பாட்டு இல்லை. இந்தப் பாட்டு தட்டில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடும் என்ற முகவரி மட்டும் இருக்கிறது. முகவரிச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டையே வாங்கிவிட்டதாக நம்பி, தட்டுகளைத் தூக்கிக் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

பாட்டு தட்டில் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் மற்றது எளிது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கி, 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முறை இன்றுவரை மாறவில்லை. ஒலியலையின் உயரத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறார்கள். அதுதான் 16 பிட். இடது, வலது என்று இரண்டு தடம். ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட் எண்கள். ஒரு மணி நேரத் தட்டு என்றால் 635 மெகாபைட். நமக்கு வேண்டியது அந்த எண்கள், ஒன்றுகூட மாறாமல். வந்துவிட்டால் அது நகல் என்றோ தரம் குறைந்தது என்றோ பேச்சே கிடையாது. தட்டில் இருந்ததும் கணினியில் இருப்பதும் ஒன்றே.

ஆனால் அந்த எண்களைச் சரியாகப் படித்துவிட்டோமா என்பதுதான் கேள்வி. இழப்பில்லாத ஃபைல் என்றதும் பலரும் எந்த வகை ஃபைல் என்பதிலேயே கவனத்தைச் செலவழிக்கிறார்கள். கெடுவது பெரும்பாலும் அதற்கு முந்தைய படியில்.

சிடியில் தரவு 2,352 பைட் கொண்ட துண்டுகளாக இருக்கிறது. நொடிக்கு 75 துண்டு. ஃபைல்கள் எழுதிய சிடியாக இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் 2,048 பைட் மட்டுமே சரக்கு. மிச்ச இடத்தில் பெரும்பகுதி பிழையைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும் ஒதுக்கியது. ஆடியோ சிடியில் அந்தக் கூடுதல் காவல் இல்லை. 2,352 பைட்டும் பாட்டுக்கே. அடிப்படையான பிழைதிருத்தம் ஒன்று தட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. தடத்தின் நீளவாக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்திருந்தாலும் அது முழுமையாக மீட்டுவிடும். அதற்கு மேல் போனால் பிளேயர் முன்னும் பின்னும் இருக்கும் எண்களைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்துப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் ஒருவர் பேசும்போது ஒரு சொல் காதில் விழாவிட்டாலும் நாமே நிரப்பிக்கொள்வது போல. கேட்பதற்கு அது போதும். காப்பாற்றி வைப்பதற்குப் போதாது. ஊகம் நிரந்தரமாகப் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே வேண்டியது, படித்ததைச் சந்தேகப்படும் மென்பொருள். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி இலவசம். ஜெர்மனியின் ஆந்த்ரே வீட்ஹோஃப் எழுதியது, பல வருடமாக இந்த வேலையில் ஊறியவர்கள் நம்புவது. காசு கொடுக்கத் தயார் என்றால் டிபிபவர்ஆம்ப் இன்னும் எளிது. மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் 'செக்யூர்' முறையைத் தேர்ந்தால் ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரண்டு முறை படித்து ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் 16 முறை திரும்பப் படித்து, அதில் 8 முறை ஒரே விடை வருகிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் மறுபடி அதே சுற்று. நல்ல தட்டு பத்து, பதினைந்து நிமிடத்தில் முடியும். கீறல் விழுந்த தட்டு ஒரு மாலைப் பொழுதையே விழுங்கும். முனகிக்கொண்டே ஓடட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

அடுத்தது ஆக்யுரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளம். அதே சிடியை உலகில் வேறு யாராவது ரிப் செய்திருந்தால், அவர்களுக்குக் கிடைத்த எண்களின் சாரமாக ஒரு சரிபார்ப்புக் குறியீடு அங்கே பதிவாகியிருக்கும். நம் குறியீடும் அதுவும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. ஊர் தெரியாத ஐந்து பேர், ஐந்து வேறு டிரைவ்கள், ஒரே விடை. ஒவ்வொரு டிரைவும் பாட்டைத் தொடங்கும் இடத்தில் சில எண்கள் முன்னே பின்னே போகும் என்பதால், முதலில் உங்கள் டிரைவின் விலகலைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பல டிரைவ்களுக்கு அது வெறும் 6 எண்கள். நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். காதுக்கு ஒன்றும் தெரியாது, ஒப்பிடுவதற்குத்தான் தேவை. தட்டைப் போட்டதும் மென்பொருளே டிரைவின் மாடலைப் பார்த்துச் சொல்லிவிடும்.

நம் தட்டுகளில் ஒரு சிக்கல் வரும். பழைய தமிழ்ப் படப் பாட்டு சிடியோ சிறிய கம்பெனி வெளியிட்ட கர்நாடக இசை சிடியோ அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். கல்யாண சிடி நிச்சயம் இருக்காது. அப்போது 'டெஸ்ட் அண்ட் காப்பி' என்ற வழியைப் பிடியுங்கள். ஒரே பாட்டை இரண்டு முறை தனித்தனியாகப் படித்து, இரண்டுக்கும் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றைக் காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நம்பலாம். முக்கியமான தட்டு என்றால் இரண்டாவது முறை வேறொரு டிரைவில் படித்து ஒப்பிடுங்கள். ஒரே டிரைவ் ஒரே தப்பை இரண்டு முறை செய்யக்கூடும். இரண்டு டிரைவ் சேர்ந்து ஒரே தப்பைச் செய்வது அபூர்வம். யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் போதும். ஹப்பில் போடாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். மின்சாரம் பற்றாமல் தடுமாறும் டிரைவ்கள் உண்டு. ரிப் முடிந்ததும் மென்பொருள் தரும் பதிவுக் குறிப்பையும் பாட்டுகளோடு சேர்த்து வையுங்கள். எந்தப் பாட்டில் எந்த நொடி சந்தேகம் என்று அதில் இருக்கும்.

தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைத்து ஒரு கீறல் விழுந்தால் அது தடத்தின் கூடவே நீளமாக ஓடும், மேலே சொன்ன 2.5 மில்லிமீட்டரைச் சுலபமாகத் தாண்டிவிடும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் ஒரு நூல் அகலத்தில்தான் வெட்டும். பற்பசை வைத்துத் தேய்ப்பது பற்றிப் பலர் சொல்வார்கள். வேறு வழியே இல்லாத தட்டுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, வந்த எண்களை எதில் வைப்பது? அப்படியே வைத்தால் வேவ் ஃபைல். இடம் பிடிக்கும், பாட்டு விவரங்களை எழுதிவைக்கவும் வசதி குறைவு. எம்பி3 சின்னது. ஆனால் காதுக்குத் தெரியாது என்று அது கணக்குப் போட்ட பகுதிகளை எறிந்துவிடுகிறது, எறிந்தது திரும்பாது. நமக்கு ஏற்றது ஃப்ளாக். ஜாஷ் கோல்சன் 2000-இல் எழுதத் தொடங்கி, 2001-இல் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்டது. யாரும் உரிமைக் கட்டணம் கேட்க முடியாத திறந்த முறை. 2024 டிசம்பரில் இணையத் தரநிலையாகவும் ஆகிவிட்டது.

எதையும் எறியாமல் எப்படிச் சுருக்குகிறது? வீட்டுக் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. தினம் ஒரு லிட்டர் என்பது பேச்சு. விருந்தாளி வந்த அன்று 'அரை கூட', ஊருக்குப் போன அன்று 'இல்லை' என்று மாறிய நாளில் மட்டும் குறிப்போம். மாதக் கடைசியில் ஒரு சொட்டு குறையாமல் கணக்கு வந்துவிடும். ஃப்ளாக் செய்வதும் அதுதான். முந்தைய சில எண்களைப் பார்த்து அடுத்த எண் இன்னதாக இருக்கும் என்று ஒரு விதி போடுகிறது. விதிக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறது. வித்தியாசம் சிறிய எண், சிறிய எண்ணை எழுத இடம் குறைவு. திரும்ப ஓட்டும்போது விதியையும் வித்தியாசத்தையும் சேர்த்தால் மூல எண் அப்படியே கிடைக்கும். பெரும்பாலும் அளவு பாதியோ அதைச் சற்றுத் தாண்டியோ வரும். தம்புராவோடு ஒற்றைக் குரல் என்றால் இன்னும் சிறிதாகும், டிரம்ஸும் சின்தசைசரும் இரைகிற பாட்டு அவ்வளவு சுருங்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. 1950, 60-களின் படப் பாட்டுகள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. சிடியில் இரண்டு தடம் கட்டாயம் என்பதால் சில தட்டுகளில் அதே எண்களை இடது, வலது இரண்டிலும் போட்டிருப்பார்கள். ஃப்ளாக் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும், சுத்தமாகப் பூஜ்யம். உடனே ஃபைல் இன்னும் பாதியாகிவிடும். பழைய நாடாவை இரண்டு தட இயந்திரத்தில் ஓட்டி மாற்றிய தட்டுகளில் இப்படி நடக்காது. காதுக்கு ஒன்றாகக் கேட்டாலும் இரண்டு தடத்துக்கும் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும். ஃபைல் அளவைப் பார்த்தே தட்டு எப்படித் தயாரானது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஃப்ளாக்கில் 0 முதல் 8 வரை சுருக்க அளவு உண்டு. எதைத் தேர்ந்தாலும் பாட்டு ஒன்றுதான், சுருக்க ஆகும் நேரமும் ஃபைல் அளவும்தான் மாறும். மூல எண்களின் குறியீடு ஒன்றையும் ஃபைலுக்குள்ளேயே அது பொதிந்து வைக்கிறது. பத்து வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க் கெட்டு ஏதாவது பிட் மாறியிருந்தால் சோதித்துக் கண்டுபிடித்துவிடலாம். ஐபோன், மேக் வைத்திருப்பவர்கள் ஆப்பிளின் அலாக் முறையில் வைத்துக்கொள்ளலாம், மியூசிக் செயலி ஃப்ளாக்கை ஏற்பதில்லை. இரண்டும் இழப்பில்லாதவை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எத்தனை முறை மாற்றினாலும் குறையாது. 24 பிட்டுக்கு உயர்த்துவது, ஒலியைத் தூக்குவது, பாஸ் கூட்டுவது எதுவும் ரிப் செய்யும்போது வேண்டாம். பழைய தட்டு மெல்லக் கேட்கிறது, புதிய தட்டு கத்துகிறது என்றால் ரீப்ளேகெய்ன் என்ற குறிப்பைச் சேருங்கள். அது எண்களைத் தொடாமல், பிளேயரிடம் 'இதற்கு இவ்வளவு கூட்டு' என்று மட்டும் சொல்லும்.

கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு ஃப்ளாக்கால் இன்னொரு நன்மை. ராகம் தானம் பல்லவியை மூன்று தடமாகப் பிரித்து வைத்த சிடிகள் பல. எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு துண்டின் முன்னும் பின்னும் சிறு வெற்றிடம் ஒட்டிக்கொள்வதால், தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் ஒரு விக்கல் வரும். ஃப்ளாக்கில் வெற்றிடம் சேர்வதில்லை. இடைவெளி இல்லாமல் ஓட்டத் தெரிந்த பிளேயராக இருந்தால் மேடையில் நடந்தது நடந்தபடி கேட்கும்.

ஏமாந்துவிடக் கூடாத ஓரிடமும் உண்டு. தெருமுனைக் கடைகளில் ஆடியோ சிடி என்று எழுதித் தந்த தட்டுகளில் பல, எம்பி3-யிலிருந்து விரித்து எழுதியவை. அவற்றை ஃப்ளாக் ஆக்கினால் எறிந்தது திரும்பி வராது. ஸ்பெக் என்ற சிறிய மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் எந்த அலைவரிசை வரை ஒலி இருக்கிறது என்று படமாகக் காட்டும். சிடியில் ஏறத்தாழ 22,000 ஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. 128 கிலோபிட் எம்பி3 என்றால் 16,000 பக்கத்தில் சுவர் வைத்தது போல வெட்டி நிற்கும். பழைய படப் பாட்டில் உயர் ஒலி இயல்பாகவே குறைவுதான். ஆனால் அது மெல்ல மங்கும், சுவராக நிற்காது. அப்படிப்பட்ட தட்டு தெரிந்தால் இடத்தை வீணாக்காமல், நல்ல பிரதி கிடைக்கும்வரை என்று குறித்து வையுங்கள்.

இனி பெயர்கள். நம் சேகரிப்பில் அதிக நேரம் கேட்பது இதுதான், அந்த நேரத்தை மனமாரக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆடியோ சிடியில் பொதுவாகப் பாட்டின் பெயர் இருப்பதில்லை. எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பதை வைத்து மியூசிக்பிரெயின்ஸ் போன்ற தரவுத்தளங்களில் தேடித்தான் மென்பொருள் பெயரைக் கொண்டுவருகிறது. தமிழ்த் தட்டுகளுக்கு வருவது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். இளையராஜாவை நாலு பேர் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். பிளேயர் பட்டியலில் நாலு இளையராஜா வந்து நிற்பார்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் 1965-இல் பிரிந்தார்கள். அதற்கு முந்தைய பாட்டுக்கும் எம்.எஸ்.வி. பெயரை மட்டும் போட்டு ராமமூர்த்தியை விட்டுவிட்ட பதிவுகள் கண்ணில் படும்போது நான் நிறுத்தித் திருத்துவேன்.

எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் உட்கார்ந்து தமிழிலேயே எழுதுங்கள். ஃப்ளாக் யூனிகோடை முழுமையாக ஏற்கும். முன்பு பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த விவரங்கள் இன்று புரியாத குறிகளாகத் தெரிவதால் அவற்றை மறுபடி அடித்துவிடுவதே மேல். படப் பாட்டு என்றால் படம், ஆண்டு, இசை, பாடியவர், எழுதியவர். ரோஜாவில் மின்மினி பாடிய பாட்டுக்கு 1992, ஏ.ஆர். ரஹ்மான், வைரமுத்து என்று எல்லாமே தனித்தனி இடத்தில் இருக்க வேண்டும். தொகுப்பு சிடியில் தட்டு வெளியான ஆண்டைப் போடாமல் படம் வந்த ஆண்டைப் போடுங்கள். கச்சேரி என்றால் ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக்காரர்கள். ஃப்ளாக்கில் நமக்கு வேண்டிய தலைப்பை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். தலைப்பு மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், அதற்கு எதிரே 'கரகரப்ரியா' என்று தமிழில் எழுதலாம். ராகத்தை வைத்துத் தேடினால் ஐந்து வித்வான்களின் கரகரப்ரியா வரிசையாக வந்து நிற்கும் சுகம் சிடி அலமாரியில் கிடைக்காதது.

காரில் இருக்கும் பிளேயர்கள் சில தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும், கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். அதனால் ஃபைலின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு உள்ளே தமிழில் எழுதுவது என் வழக்கம்.

ஒரு சிடிக்கு 300 முதல் 400 மெகாபைட் என்று வைத்தால் முந்நூறு சிடிக்கு 100 ஜிபி பக்கம் வரும். இன்று அது பெரிய இடமே இல்லை. வீட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு பிரதி, மூன்றாவது பிரதி வேறு வீட்டில் அண்ணனிடமோ மகளிடமோ. போனுக்கு இடம் போதாவிட்டால் ஃப்ளாக்கிலிருந்து சின்ன ஃபைல்கள் செய்து போட்டுக்கொள்ளலாம், மூலம் வீட்டில் பத்திரமாக இருக்கும். காசு கொடுத்து வாங்கிய தட்டைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றிக்கொள்ள, 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதல் என்ற விலக்கு இருக்கிறது. ஊருக்கெல்லாம் பகிர்வதற்கு அது பொருந்தாது. மாற்றிய பிறகும் தட்டையும் உறைக்குள் இருக்கும் சிறு புத்தகத்தையும் வைத்திருங்கள். வாசித்தவர்களின் பெயர் பல நேரம் அந்தப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும்.

கல்யாண சிடியை மூன்று டிரைவில் படித்தேன். பதினொரு தடத்தில் ஒன்பதுக்கு மூன்றிலும் ஒரே குறியீடு வந்தது. ஒன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய டெஸ்க்டாப் டிரைவில் மட்டும் இரண்டு முறை ஒரே மாதிரி வந்தது. ஊர்வலத்தில் வாசித்த மல்லாரி கடைசிவரை ஒத்துப்போகவில்லை. நடுவில் நாலு நொடி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வந்தது. காதுக்குக் குறைந்த உறுத்தலாக இருந்த பிரதியை வைத்துக்கொண்டு, விவரப் பகுதியில் இப்படி எழுதினேன்: 'தோடி மங்கலான பதிவு. மல்லாரி 3:12 முதல் 3:16 வரை தட்டில் இல்லை. தவில் தனி முழுமையாக இருக்கிறது. பின்னால் கேட்கும் பேச்சு அப்பாவுடையது.'